மணலுக்குள் சூடு: பங்குனி ஆமைப் பொரிப்பகத்துக்குச் சென்சாரும் பந்தலும் போட்ட பதிவு

கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. நமக்கு இருப்பதுபோல எக்ஸ், ஒய் குரோமோசோம் கணக்கு அதற்குக் கிடையாது. அடைகாலத்தின் நடுப்பகுதியில் கூட்டுக்குள் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் இரண்டும் கலந்து வரும். அதிலிருந்து இரண்டு டிகிரி இறங்கினால் பெரும்பாலும் ஆண், இரண்டு டிகிரி ஏறினால் பெரும்பாலும் பெண். இன்னும் ஏறி 35 பக்கம் நாள்கணக்கில் நின்றுவிட்டால் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. முட்டைக்குள்ளேயே கரு செத்துப்போகும். ஏப்ரல் மதியம் பெசன்ட் நகர் மணலில் செருப்பில்லாமல் பத்தடி நடந்தவர்களுக்கு இது எவ்வளவு நெருக்கடியான கணக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏ.சி., ஃப்ரிட்ஜ் கன்ட்ரோல் போர்டு பழுதுபார்ப்பது என் தொழில். டிகிரிக் கணக்கோடுதான் என் பிழைப்பு ஓடுகிறது. பெசன்ட் நகருக்கும் நீலாங்கரைக்கும் நடுவில், கரையில் ஆமை இட்ட முட்டைகளை எடுத்துவந்து வேலிக்குள் புதைத்துக் காக்கும், வனத்துறை அனுமதியோடு நடக்கும் ஒரு முட்டைப் பொரிப்பகத்தில் சீசன் முழுக்க உதவிக்குப் போகிறேன். அங்கே கூடுகளுக்குள் சூடு அளக்க ஓர் ஏற்பாடும், அளந்ததைப் பார்த்து நிழல் பந்தலும் போட்டோம். வேறு கடற்கரைகளில் இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பங்குனி ஆமை, அதாவது ஒலிவ் ரிட்லி, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் ஒரு முட்டையை எடுத்தாலும் குற்றம். கரையில் ஆமைத் தடமோ கூடோ கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். இங்கே நான் எழுதுவது எல்லாம் வனத்துறை வாட்சர் பக்கத்தில் இருக்க, அவர்கள் சரி என்று சொன்ன கூடுகளில் மட்டும் செய்தது.

முட்டையை இடம் மாற்றாமல் ஆமை இட்ட இடத்திலேயே விட்டால் என்ன என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒடிசாவில் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் ஆமைகள் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் ஏறி முட்டையிடும். அத்தனை கூட்டில் நாயும் நரியும் தின்றது போக மிச்சம் இருக்கும். நம் கரையில் அப்படி இல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் ஒன்று, அப்புறம் எங்கேயோ ஒன்று என்று தனித்தனியாகத்தான் ஏறும். அடையாறு முகத்துவாரத்திலிருந்து தெற்கே கொட்டிவாக்கம், பாலவாக்கம் வரை தெருநாய் இல்லாத இடமே கிடையாது. கூட்டைக் கண்டுபிடித்த நாய் விடியும் முன் மொத்தத்தையும் கிளறிவிடும். நாய்க்குத் தப்பினாலும் குஞ்சு வெளியே வரும்போது கடல் பக்கம் இருட்டாகவும் ரோட்டுப் பக்கம் பளிச்சென்றும் இருக்கிறது. வெளிச்சம்தான் கடல் என்று நம்பிப் பிறந்த உயிர் அது. நேராக ரோட்டுக்குப் போகும்.

அதனால்தான் இந்த ஊரில் பொரிப்பகம். 1970-களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ராமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவில் கரையோரம் நடந்து கூடு தேடத் தொடங்கினார்கள். பிறகு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கொஞ்ச காலம் நடத்தின. 1988-இல் மாணவர்கள் சேர்ந்து ஸ்டூடன்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துப் போகும் அந்த ஆமை நடை இன்றைக்கும் நடக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் இல்லாமல் ராத்தூக்கம் விட்டு நடந்தவர்களின் உழைப்பு இது. அதன்மேல் நான் வைத்தது ஒரு சிறு கம்பியும் ஒரு பந்தலும் மட்டுமே.

இடம் மாற்றும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சூட்டுக் கணக்கு தொடங்குவதே இங்கேதான்.

ஆமை ஏறி இறங்கிய தடம் ஈர மணலில் டிராக்டர் போன வழி மாதிரி தெரியும். ஏறியது ஒன்று, இறங்கியது ஒன்று. இரண்டும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். கூட்டை மூடியபின் ஆமை தன் உடம்பாலேயே இடமும் வலமும் ஆடி ஆடி மணலை இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே உலர் மணலை வாரி இறைத்துவிட்டுப் போயிருக்கும். எங்கே துவாரம் என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. பழகியவர்கள் மெல்லிய கம்பியை இலேசாக இறக்கிப் பார்ப்பார்கள். சுற்றிலும் மணல் எதிர்க்கும், ஓரிடத்தில் மட்டும் கம்பி சட்டென்று இளகி இறங்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு விரற்கடை கூடுதலாக அழுத்தினால் மேல் முட்டை உடையும்.

அப்புறம் கைதான். மண்வெட்டி, கரண்டி எதுவும் கிடையாது. கழுத்து குறுகலாக இருக்கும், என் முழங்கை நுழையும் அளவு. ஒரு சாண் இறங்கியதும் மணல் குளிர்ச்சியாகிறது, அதற்கும் கீழே பக்கங்கள் அகன்று குடத்தின் வயிறு போல விரிகிறது. குப்புறப் படுத்து, கன்னம் மணலில் பதிய, தோள் வரை உள்ளே விட்டால்தான் கடைசி முட்டை விரலுக்கு எட்டும். பிங்பாங் பந்து அளவு, ஆனால் தோல் மாதிரி அமுங்கும். புதிதாக இட்டதாக இருந்தால் மேலே கோழை போல வழவழப்பு இன்னும் காயாமல் இருக்கும். பெரும்பாலும் நூறை ஒட்டி இருக்கும், சிலதில் இன்னும் கூட.

இட்ட சில மணி நேரத்துக்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். நேரம் ஆக ஆகக் கரு முட்டையின் மேல்பக்கச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் முட்டையைப் புரட்டினால் கரு அறுந்து இறந்துவிடும். அதனால் எடுக்கும்போதே உருட்டாமல் எடுத்து, ஈர மணல் போட்ட பையில் அடுக்கி, குலுங்காமல் நடந்து வர வேண்டும். பைக்கில் வைத்துக் கொண்டுவரலாமே என்று கேட்ட பையன்களை வாட்சர் அண்ணன் ஒரே பார்வையில் அடக்கினார்.

பொரிப்பகத்தில் தோண்டும் குழி தாய் தோண்டியது போலவே இருக்க வேண்டும். அதே ஆழம், ஏறத்தாழ ஒரு முழம். அதே குறுகிய கழுத்து, அதே அகன்ற வயிறு. கூட்டுக்குக் கூடு ஒரு மீட்டர் இடைவெளி. ஆழம் குறைந்தால் சூடு கூடும், கூட்டை நெருக்கினால் பக்கத்துக் கூட்டின் சூடும் சேரும். தாய் தன் போக்கில் ஒரு கூட்டைக் கரைமேல் புல்லடியிலும் இன்னொன்றை அலையோரத்திலும் வைத்திருக்கும். எல்லாவற்றையும் நாம் ஒரே வேலிக்குள், ஒரே வெயிலுக்குக் கீழே கொண்டுவந்து வைக்கிறோம். அதன்பின் அந்த மணலின் சூட்டுக்கு நாம்தான் பொறுப்பு. வேலியும் காவலும் போட்டதோடு கடமை முடிந்தது என்று இருக்க முடியாது என்பதுதான் என் எண்ணம், இந்த வேலையில் நான் இறங்கியதும் அதற்காகத்தான்.

சென்சாருக்கு ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் டிஎஸ்18பி20-ஐ எடுத்தேன். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் அடைத்து ஒயரோடு வரும். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி எண் உள்ளேயே பதிந்திருப்பதால் ஒரே ஒயரில் பல சென்சாரைக் கோத்துவிடலாம். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். கம்பெனிக் கணக்குப்படி அரை டிகிரி வரை முன்னே பின்னே காட்டும். நமக்கு இரண்டு டிகிரியே வாழ்வா சாவா என்பதால் அதை அப்படியே நம்ப முடியாது. சந்தையில் போலியும் நிறைய.

எனவே ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். நல்ல தண்ணீர் ஐஸை நொறுக்கி, பிளாஸ்கில் போட்டு, ஐஸ் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் சரியாகப் பூஜ்யம் கிடைக்கும். மீன் பெட்டியில் இருக்கும் ஐஸை எடுக்கக் கூடாது. உப்புப் பட்ட ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே இழுத்துவிடும். மேல்பக்கத்துக்கு வெதுவெதுப்பான வெந்நீரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் ஒன்றாகக் கட்டி இறக்கி 37 பக்கம் ஒப்பிட்டேன். நமக்கு வேண்டிய 28 முதல் 35 வரையான எல்லைக்கு அது பக்கத்துவீடு. ஒவ்வொரு சென்சாரும் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று எழுதி ஒயரிலேயே ஒட்டிவிட்டேன். அதிகம் தள்ளிக் காட்டியவற்றை ஒதுக்கினேன்.

உப்புக்காற்று என்ன செய்யும் என்பது கடற்கரை வீடுகளில் ஏ.சி. வெளி யூனிட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். செம்பு பச்சை பூத்துப் பொடியாகிவிடும். அதனால் ஒவ்வொரு சால்டர் இணைப்பையும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடி, அதன்மேல் சிலிகான் பூசினேன். சென்சார் அளவைப் படித்துப் பதியும் ஆர்டுயினோ போர்டு, மெமரி கார்டு, லித்தியம் செல் எல்லாம் ரப்பர் வாசர் உள்ள பெட்டிக்குள், கூடவே சிலிகா ஜெல் பை. அரை மணிக்கு ஒருமுறை விழித்து அளந்துவிட்டு மீண்டும் தூங்கும்படி நிரல். தரையில் ஓடும் ஒயரை வீட்டு வயரிங் பி.வி.சி. பைப்புக்குள் விட்டேன். நண்டு ஒயரை நறுக்கும், நம்பலாம்.

பெட்டியை மூடும் முன் செய்த இன்னொரு காரியம், போர்டில் மினுக்கும் சின்ன எல்.இ.டி. விளக்குகளைப் பிடுங்கியது. நமக்கு அது ஊசிமுனை வெளிச்சம். இருட்டில் கண் திறக்கும் குஞ்சுக்கு அது போதும் திசை மாற. பெட்டியும் கறுப்புப் பெயின்ட்.

கூட்டுக்குள் சென்சாரை வைப்பது முட்டை வைக்கும்போதே நடக்க வேண்டும். பாதி முட்டைகளை இறக்கியபின் நடுவில் குழாயைப் படுக்க வைத்து, மீதியை மேலே அடுக்கி, எடுத்த அதே ஈர மணலால் மூட வேண்டும். பின்னால் சொருகலாம் என்பதற்கு இடமே இல்லை. எல்லாக் கூட்டிலும் வைக்கவில்லை, அனுமதித்த ஒரு சிலவற்றில் மட்டும். அதோடு முட்டையே இல்லாத வெறும் மணலிலும் அதே ஒரு முழ ஆழத்தில் ஒன்று புதைத்தோம். இந்த வெறும் மணல் சென்சார் மிக முக்கியம். கரு வளர வளர முட்டைகளே சூட்டைக் கக்கும். கடைசி வாரங்களில் கூடு சுற்று மணலைவிட ஒன்றிரண்டு டிகிரி, சில சமயம் அதற்கு மேலும் ஏறிவிடும். வெறும் மணலின் கணக்கு கையில் இல்லாவிட்டால் வெயில் எவ்வளவு, முட்டை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

சென்சார் பதிந்த சூட்டை நாள்வாரியாகக் கோடாக வரைந்து பார்த்தபோது முதலில் என்னைத் திகைக்க வைத்தது அதன் நிதானம். மேல்மணல் பகலில் கொதித்து இரவில் ஆறுகிறது. ஒரு முழத்துக்குக் கீழே பகலா இரவா என்றே தெரியாமல் கோடு கிட்டத்தட்ட நேராகப் போகிறது. சூடு மணலில் அவ்வளவு மெதுவாக இறங்குகிறது. ஆனால் நாளுக்கு நாள் அந்தக் கோடு மேலே மேலே நகர்கிறது. ஜனவரியில் வாடைக்காற்று இருக்கும்போது தாழ்ந்து கிடந்தது, மார்ச் முடியும்போது 30-ஐத் தாண்டியது. அப்படியானால் நிழல் போட்டாலும் பலன் மறுநாளே தெரியாது, பல நாள் பிடிக்கும். மணல் கொதித்த பிறகு ஓடிப் பந்தல் போடுவது காலம் கடந்த வேலை. கோடு ஏறத் தொடங்கும்போதே கம்பு நட்டாக வேண்டும்.

ஊரூர் குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் செல்போனில் இந்தக் கோட்டைக் காட்டினேன். சிறுவயதில் ஆமை ஏறுவதைப் பார்த்தே வளர்ந்தவர். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்த மிசினு சொல்லணுமா தம்பி? காலீல கைய உள்ள வுட்டுப் பாரு. மேல சில்லுனு கீது, கீழ கதகதன்னு கீதுன்னா வெயிலு உள்ள பூந்துட்சின்னு அர்த்தம்." மறுநாள் விடிகாலையில் வெறும் மணலில் கைவிட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது அப்படியே இருந்தது. இப்போது புதிதாக வரும் மாணவர்களுக்குச் சென்சாருக்கு முன் அதைத்தான் சொல்லித் தருகிறேன்.

பந்தலுக்கு நாற்றங்காலில் கட்டும் ஐம்பது சதவீத நிழல்வலையும் தென்னங்கீற்றும் இரண்டும் போட்டுப் பார்த்தோம். கீற்றின் நிழல் குளிர்ச்சிதான், ஆனால் மழை பட்டால் ஊறி மக்கும், எறும்பு சேரும். சிவப்பெறும்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் எமன். ஆகவே வலையே நின்றது. சவுக்குக் கம்பை முழங்கால் அளவு ஆழத்தில் நட்டு, நெஞ்சுயரத்தில் வலையை இழுத்துக் கட்டினோம். பக்கங்களை மூடவில்லை, கடற்காற்று குறுக்கே போக வேண்டும். மேற்கே மட்டும் தட்டி வைத்தால் பிற்பகல் வெயிலைத் தடுக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நட்ட கம்புக்கு நிழலே விழாது. கூட்டுக்கு நெருக்கடியான காலமும் அதுவே. உச்சி வெயிலுக்குத் தட்டி என்ன செய்யும்? மேலே கூரை இல்லாமல் முடியாது.

எல்லாக் கூட்டுக்கும் நிழல் போடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஜனவரி, பிப்ரவரி முட்டைகளுக்கு நிழல் தேவையே இல்லை, போட்டால் ஆண் குஞ்சாகவே குவியும். சீசனின் குளிர்ந்த தொடக்கமும் சூடான முடிவும் சேர்ந்துதான் இரண்டு பாலையும் கடலுக்குக் கொடுக்கிறது. நாம் போடும் பந்தல் கரு வெந்து சாகாமல் இருக்க மட்டும். ஆண் வேண்டும், பெண் வேண்டும் என்று திருகிப் பார்க்கும் ரெகுலேட்டராக அதை ஆக்கிவிடக் கூடாது. எப்போது எந்த வரிசைக்கு என்பதை வனத்துறையும் ஆராய்ச்சியாளர்களும் கணக்கைப் பார்த்துச் சொல்வதே முறை. தண்ணீர் தெளிப்பதும் அப்படித்தான். மாலையில் நல்ல தண்ணீரை மேலாகத் தூவினால் சூடு தணியும், ஆனால் ஊற வைத்தால் மணலின் இடுக்குக் காற்று அடைபட்டு முட்டை மூச்சுத் திணறும். கடல்தண்ணீர் கூடவே கூடாது.

வேலியைப் பற்றிச் சுருக்கமாக: நைலான் வலை, அடியில் ஒரு சாணுக்கு மேல் மணலில் புதைய வேண்டும். நாய் கீழிருந்துதான் தோண்டும்.

நாற்பது நாள் தாண்டியதும் ஒவ்வொரு கூட்டின் மேலும் அடியில்லாத மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைக்கிறோம். நம் கரையில் பொதுவாக 45 முதல் 55 நாளுக்குள் பொரிக்கும். சூடு கூடினால் நாள் குறையும். குஞ்சுகள் மூக்கு நுனியில் இருக்கும் சிறு முள்ளால் ஓட்டைக் கிழித்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மணலைக் கீழே தள்ளித் தள்ளிக் கூட்டமாக மேலே வரும். மேல்மணல் ஆறியதும் அதை அடையாளமாகக் கொண்டு பெரும்பாலும் இரவில்தான் வெளிப்படும். வருவதற்கு முன் கூட்டின் மேல்மணல் நடுவில் சற்றே குழிந்து உள்வாங்கும். சிவப்பு டார்ச்சைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால், அந்தக் குழிவில் மணல் துகள் ஒன்றிரண்டு தானாக அசையும். பிறகு ஒரு கறுப்பு மூக்கு. ஒன்று வந்துவிட்டால் சில நிமிடத்தில் கூடை நிறைந்துவிடும்.

உடனே விட வேண்டும். காலையில் கூட்டம் வந்து பார்க்கட்டும் என்று தொட்டியில் வைத்துக் காத்திருப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே ஆழ்கடல் வரை அதற்குக் கட்டுச்சோறு. தொட்டியில் துடுப்படித்தே அதைத் தீர்த்துவிட்டால் அலைக்கு அப்பால் நீந்த என்ன இருக்கும்? அலையோரத்திலிருந்து சில மீட்டர் தள்ளி விட்டு, தானே ஊர்ந்து போக விடுகிறோம். கேமரா பிளாஷ் இல்லை, யாரும் குஞ்சுக்கும் கடலுக்கும் குறுக்கே நிற்பதில்லை. இந்த மாதங்களில் கரையோர வீடுகளும் கடைகளும் இரவில் கடலைப் பார்க்கும் விளக்குகளை அணைத்தாலே பாதி உதவி.

பொரித்து முடிந்த கூட்டை இரண்டு மூன்று நாள் கழித்துத் தோண்டிக் கணக்கெடுக்கிறோம். வெறும் ஓடு எத்தனை, பொரிக்காதது எத்தனை, பாதியில் இறந்தது எத்தனை. நாற்றம் குடலைப் பிரட்டும், ஆனாலும் சூட்டுக் கோட்டுக்கு அர்த்தம் கிடைப்பது இந்தக் கணக்கில்தான். பந்தலடிக் கூடும் வெளிக்கூடும் எப்படிப் பொரித்தன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பதிவேடு இப்போது இருக்கிறது. ஒரே சீசனை வைத்து முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் ஏப்ரல் கூடுகளுக்கு நிழல் இல்லாமல் இனி நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதையெல்லாம் கரையில் செய்துகொண்டிருக்கும்போதே 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமை காற்றைச் சுவாசிக்கும் உயிர். இழுவலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் சாகும். ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்பது விதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது முட்டையிட வரும் ஆமைகளில் பெரும்பாலானவை வந்து போயிருக்கும். அவை கரையருகே கூடும் ஜனவரி முதல் மார்ச் வரை அந்த ஐந்து மைல் விதியும், வலைக்குள் சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் டெட் (TED) என்ற சாதனமும் நடைமுறைக்கு வராமல் தீராது. ஒரு குஞ்சு வளர்ந்து முட்டையிட வருவதற்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். செத்து ஒதுங்கிய ஒரு தாய்க்கு ஈடாக எத்தனை கூடு பொரிக்க வேண்டும் என்பதை நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

சீசன் முடிந்ததும் சென்சார்களைத் தோண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, மறுபடி ஐஸ் பரிசோதனை செய்து வைத்திருக்கிறேன். சில தள்ளிக் காட்டத் தொடங்கியிருக்கின்றன, அவற்றை மாற்ற வேண்டும். அடுத்த முறை பொரிப்பகம் வேறு இடத்தில் அமையும். ஒரே மணலில் திரும்பத் திரும்ப முட்டை வைத்தால் பூஞ்சை சேரும். புது இடத்தில் முதல் கூடு வரும் முன், டிசம்பரிலேயே வெறும் மணல் சென்சாரைப் புதைத்துவிட வேண்டும்.